குமானோ கோடோ: தகிஜிரியிலிருந்து ஹொங்கூ வரை நடந்து இரட்டை யாத்திரிகராகப் பதிவுசெய்வது எப்படி

தகிஜிரியிலிருந்து ஹொங்கூ வரை 38 கிலோமீட்டர்தானே, ஒன்றரை நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். சமதரை என்றால் அந்தக் கணக்கு சரிதான். ஜப்பானின் மலை யாத்திரைப் பாதையான குமானோ கோடோவில் மணிக்கு 2 முதல் 2.5 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். பாதை வேர்களின் மேலும் பாசி பிடித்த கற்களின் மேலும் ஏறி இறங்கிக்கொண்டே போகிறது. ஒரு கணவாயைத் தாண்டியதும் அடுத்த கணவாய்க்காக மறுபடி அடிவாரம் வரை இறங்க வேண்டியிருக்கும். இரண்டு நாள் என்பது நல்ல காலும் நல்ல வானிலையும் உள்ளவர்களுக்கு. மூன்று நாள் ஒதுக்கினால் பாதையைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். ஸ்பெயினின் சாந்தியாகோ யாத்திரைப் பாதையையும் முடித்தவர்கள் இந்த நடையைக் காட்டி 'இரட்டை யாத்திரிகர்' என்று பதிவு செய்யலாம், விவரம் கடைசியில்.

எதற்காக இந்தப் பாதைக்கு உலக அங்கீகாரம்

ஒசாகாவுக்குத் தெற்கே கடலுக்குள் நீண்டிருக்கும் கீ தீபகற்பம் முழுக்க மலை. அதன் யோஷினோ-ஓமினே, குமானோ சன்சான், கோயாசான் என்ற மூன்று புனிதத் தலங்களையும் அவற்றை இணைக்கும் பழைய நடைபாதைகளையும் சேர்த்து, 2004 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2016இல் விடுபட்டிருந்த சில பாதைத் துண்டுகளும் சேர்ந்தன. குமானோ சன்சான் என்பது ஹொங்கூ, ஹயதமா, நாச்சி என்ற மூன்று பெருங்கோயில்கள். அவற்றை நோக்கிப் போகும் பாதைகளின் பொதுப்பெயர்தான் குமானோ கோடோ.

பட்டியலில் இது இயற்கை மரபு இல்லை, பண்பாட்டு மரபு. ஜப்பானின் இயற்கை மரபுகளாக யாகுஷிமா, ஷிராகாமி மலைகள், ஷிரெதோகோ, ஒகசவாரா தீவுகள், அமாமி-ஒகினாவா தீவுக்கூட்டம் எனத் தனியே ஐந்து இருக்கின்றன. ஆனாலும் கீ மலைத்தொடர் பண்பாட்டு நிலக்காட்சி என்ற வகையில் ஏற்கப்பட்டது. இங்கே அருவியே தெய்வம், பாறையே தெய்வம். காட்டையும் கோயிலையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. ஜப்பானின் தொல்சமயமான ஷின்தோவின் கடவுள்களும் பௌத்த புத்தர்களும் ஒருவரே என்ற நம்பிக்கை இந்த மலைகளில்தான் ஆழமாக வேர்விட்டது.

இன்னொன்றையும் அறிந்துவிட்டு வருவது நல்லது. வழிநெடுக நீங்கள் பார்க்கப்போகும் சுகி, ஹினோகி என்ற ஊசியிலை மரங்களில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போருக்குப் பின் மரத் தொழிலுக்காக வரிசையாக நடப்பட்டவை. ஆதிகாடு என்று நினைத்து வருபவர்களுக்கு முதல் நாள் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். உண்மையான முதுமரங்கள் கோயில் தோப்புகளில்தான் மிஞ்சியிருக்கின்றன. அவையும் தற்செயலாகத் தப்பவில்லை. 1906இல் அரசு சிறு கோயில்களைப் பெரிய கோயில்களோடு இணைக்க ஆணையிட்டபோது தோப்புகள் வெட்டுக்குப் போயின. தனாபேயில் வாழ்ந்த இயற்கை அறிஞர் மினகதா குமகுசு அதை விடாப்பிடியாக எதிர்த்தார். இரண்டாம் நாள் ட்சுகிஸகுரா-ஓஜி என்ற பாதையோரத் துணைக்கோயிலில் நீங்கள் அண்ணாந்து பார்க்கப்போகும் ராட்சத சுகி மரங்கள் அந்த எதிர்ப்பில் தப்பியவை. அவற்றின் கிளைகள் எல்லாம் நாச்சி இருக்கும் ஒரே திசையை நோக்கி நீண்டிருப்பதால் 'ஒருதிசை சுகி' என்று பெயர்.

திட்டமிடும் வரிசை: படுக்கை, பேருந்து, பிறகுதான் கால்

பலரும் முதலில் தினமும் எத்தனை கிலோமீட்டர் என்று பிரித்துவிட்டு, பிறகு தங்குமிடம் தேடுகிறார்கள். இங்கே அது தலைகீழ் வேலை. தகஹாரா, சிகாட்சுயு, நோனாகா, ஹொங்கூவைச் சுற்றியுள்ள வெந்நீர் ஊற்றுக் கிராமங்கள் ஆகியவற்றில்தான் படுக்கை கிடைக்கும். ஒவ்வொன்றிலும் சில மின்ஷுகுகள் (குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகள்)தான், ஒவ்வொரு மின்ஷுகுவிலும் சில அறைகள்தான். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களுக்குப் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். ஏப்ரல் இறுதியிலிருந்து மே முதல் வாரம் வரை வரும் 'பொன்வார' விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள். தனியாகப் போகிறவர்களுக்கு அறை கிடைப்பது இன்னும் கடினம். தனாபே நகரச் சுற்றுலா அமைப்பு நடத்தும் முன்பதிவுத் தளத்தில் ஆங்கிலத்திலேயே பதிவு செய்யலாம். மூட்டையை அடுத்த விடுதிக்கு வண்டியில் அனுப்பும் சேவையையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

பதிவு செய்யும்போது இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு, மறுநாள் பாதைக்கான பென்டோ பொதி மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். சுற்றுவட்டாரத்தில் இரவு உணவகம் என்று அநேகமாக எதுவும் இருக்காது. சாப்பாடு மாலை 6 மணியளவில். 7 மணிக்கு வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றால் சமைத்தவர்களுக்கு அது மரியாதைக் குறைவு. மாலை 5 மணிக்குள் போய்ச்சேருமாறு நடையைக் கணக்கிடுங்கள்.

சைவ உணவுக்காரர்கள் 'சைவம்' என்று மட்டும் எழுதினால் போதாது. மிசோ சூப், வேகவைத்த காய்கறி, நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றுக்கும் அடிப்படை தாஷி. அது பெரும்பாலும் உலர்ந்த கட்சுவோ மீனில் எடுத்த சாறு. 'மீனும் வேண்டாம், மீனில் எடுத்த தாஷியும் வேண்டாம்' என்று விளக்கமாக, பதிவு செய்யும் நாளிலேயே எழுத வேண்டும். வாசலில் வந்து நின்று சொன்னால் சோறும் ஊறுகாயும்தான் மிஞ்சும்.

அடுத்தது பேருந்து. ஷின்-ஒசாகாவிலிருந்து குரோஷியோ விரைவு ரயிலில் கீ-தனாபே வரை இரண்டேகால் மணி நேரத்தை ஒட்டி ஆகும். அங்கிருந்து தகிஜிரிக்குப் பேருந்தில் சுமார் 40 நிமிடம். ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பேருந்துகள்தான் ஓடுகின்றன. பருவத்துக்கும் வார நாளுக்கும் ஏற்ப நேரம் மாறும். ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள சுற்றுலாத் தகவல் மையத்தில் அந்தந்தப் பருவத்துக்கான கால அட்டவணையை வாங்கிவிடுங்கள். நடந்ததற்குச் சான்றாக வழியில் முத்திரை பதித்துக்கொள்ளும் புத்தகமும் அங்கேயே கிடைக்கும். பின்கதவில் ஏறி எண் சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது முன்பக்கத் திரையில் உங்கள் எண்ணுக்கு நேரே தெரியும் தொகையைச் சில்லறையாகப் பெட்டியில் போட வேண்டும். ரொக்கம் அவசியம். 1,000 யென் நோட்டுகளும் 100 யென் நாணயங்களும் கணிசமாக வைத்திருங்கள். கிராமத்துப் பானம் விற்கும் இயந்திரங்களும் அதைத்தான் விழுங்கும்.

முதுகிலும் காலிலும் என்ன இருக்க வேண்டும்

ஜப்பானிலேயே அதிக மழை பெய்யும் பகுதிகளில் கீ தீபகற்பம் ஒன்று. குடை இந்தப் பாதைக்கு உதவாது, இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். மேலங்கி, கால்சட்டை இரண்டும் சேர்ந்த மழை உடை, பைக்குள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை, நன்றாகப் பிடிக்கும் அடியுள்ள காலணி, 1.5 முதல் 2 லிட்டர் தண்ணீர், தலைவிளக்கு. இவற்றில் எதையும் குறைக்க வேண்டாம். தலைவிளக்கை வீண் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நவம்பரில் 5 மணிக்குச் சூரியன் மறைகிறது, அடர்ந்த சுகிக் காட்டுக்குள் 4 மணிக்கே இருட்டு.

ஊன்றுகோல் இரண்டு இருந்தால் முழங்கால் பிழைக்கும். நுனியில் ரப்பர் உறை மாட்டியே பயன்படுத்துங்கள். கூர்முனை இரும்பு பல நூற்றாண்டுப் பழமையான பாதையைக் கொத்திப் பெயர்க்கிறது. ஈரக் கல்லில் வழுக்கவும் செய்கிறது. பாசிக் கல்லில் இறங்கும்போது குதிகாலை முதலில் வைத்தால் விழுவது நிச்சயம். பாதம் முழுதும் ஒருசேரப் படும்படி, குறுகிய அடியாக, முழங்காலைச் சற்று மடக்கி இறங்க வேண்டும். வேரை மிதிக்காமல் தாண்டுங்கள். ஈர வேர் கல்லைவிட மோசம், வேருக்கும் அது நல்லதில்லை.

கோடையின் பிற்பகுதியிலிருந்து இலையுதிர்காலம் வரை ராட்சதக் குளவிகளுக்குக் கோபம் அதிகம். கறுப்பு உடையையும் வாசனைத் திரவியத்தையும் தவிர்க்கவும். ஒன்று சுற்றிச் சுற்றி வந்தால் கையை வீசாமல் மெல்லப் பின்வாங்கவும். மமுஷி என்ற நச்சுப்பாம்பு இலைக்குவியலிலும் கல்லிடுக்கிலும் இருக்கும். கையை எங்கே ஊன்றுகிறோம் என்று பார்த்து ஊன்றினால் போதும். ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரை மழைக்காலம். அக்டோபர் வரை புயல் ஆபத்து உண்டு. புயல் எச்சரிக்கை வந்தால் பேருந்துகள் நிற்கலாம், பாதையும் மூடப்படலாம். அந்த நாளில் வீரம் காட்ட வேண்டாம், விடுதிக்காரர் சொல்வதைக் கேளுங்கள்.

முதல் நாள்: தகிஜிரி முதல் சிகாட்சுயு வரை, 13 கிலோமீட்டர்

காலை 9 மணிக்குள் நடக்கத் தொடங்கினால்தான் இது ஒரு நாள் நடை. ஆறிலிருந்து ஏழு மணி நேரம் ஆகும். மதியப் பேருந்தில் வருபவர்கள் 4 கிலோமீட்டரில் உள்ள தகஹாராவில் தங்கிவிட வேண்டும். அதற்கே இரண்டு மணி நேரம் வேண்டும்.

தகிஜிரி-ஓஜி குமானோவின் புனித எல்லைக்கு நுழைவாயில். ஓஜி என்பது பாதையோரத் துணைக்கோயில். '99 ஓஜி' என்பது மரபு. முன்னாள் பேரரசர்கள் கியோத்தோவிலிருந்து பரிவாரத்தோடு நடந்துவந்து இங்கெல்லாம் வழிபட்டுப் போனார்கள். 907இல் வந்த உதா முதல்வர். கோ-ஷிரகாவா முப்பது தடவைக்கு மேல் வந்தார். 1201இல் கோ-தோபாவின் பரிவாரத்தில் வந்த கவிஞர் புஜிவாரா நோ தெய்கா, சோர்வையும் அலுப்பையும் மறைக்காமல் நாட்குறிப்பு எழுதி வைத்தார். பிறகு சாமானியர்களும் சாரைசாரையாக வந்ததால் 'எறும்புகளின் குமானோ யாத்திரை' என்றே ஒரு வழக்கு உண்டு. பெண்களும் நோயாளிகளும் இங்கே விலக்கப்படவில்லை. அந்தக் காலத்தில் மற்ற மலைத்தலங்களில் இதை எதிர்பார்க்க முடியாது.

கோயிலுக்குப் பின்னால் போன உடனேயே செங்குத்து ஏற்றம். முதல் 2 கிலோமீட்டரில் சுமார் 250 மீட்டர் உயர்ந்துவிடுவீர்கள். இந்த நடையிலேயே மூச்சு வாங்கும் இடங்களில் இது ஒன்று, காலும் இன்னும் சூடேறியிருக்காது. மெதுவாகப் போங்கள். வழியில் பாறைகளுக்கு நடுவே தவழ்ந்து வெளிவரும் 'கருப்பை நுழைவு' குகை வரும். பெரிய பையோடு நுழைந்தால் சிக்கிக்கொள்வீர்கள், பையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு நுழையுங்கள்.

தகஹாராவில் கற்பூர மரங்களின் நடுவே நிற்கும் சிறு கோயில் இந்தப் பாதையிலேயே பழமையான கட்டடம் என்று கருதப்படுகிறது. மலையடுக்குகள் பனிக்குள் மிதக்கும் காட்சிக்கு ஊருக்கே 'பனிமூட்டக் கிராமம்' என்று பெயர். தண்ணீரை இங்கே நிரப்பிக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு நெடுஞ்சாலையோர ஓய்விடம் வரும்வரை கடை கிடையாது. அந்த ஓய்விடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், மாட்டின் மேலும் குதிரையின் மேலும் ஒருசேர அமர்ந்திருக்கும் சிறுவன் சிலை, கியூபா-தோஜி. படத்தில் பெரிதாகத் தெரியும். நேரில் சுமார் அரை மீட்டர் உயரம்தான். கவனிக்காமல் தாண்டிப்போய்விடாதீர்கள்.

இரண்டாம் நாள்: சிகாட்சுயு முதல் ஹொங்கூ வரை, 25 கிலோமீட்டர்

ஒன்பதிலிருந்து பதினொரு மணி நேரம். காலை 7 மணிக்கு மேல் தாமதிக்க இயலாது. இது அதிகம் என்று தோன்றினால் சிகாட்சுயுவுக்குப் பதிலாக இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி நோனாகா பகுதியில் படுக்கையைப் பிடித்து முதல் நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள், அல்லது இந்த நாளை இரண்டாகப் பிரியுங்கள்.

ட்சுகிஸகுராவுக்குப் பிறகு ஹொஷ்ஷின்மொன் வரை கடை இல்லை. வராஜி கணவாய், யுகாவா-ஓஜி, மிகோஷி கணவாய் என்று அடுத்தடுத்து ஏறி இறங்க வேண்டும். இவாகாமி கணவாய் வழியே போன பழைய பாதை 2011 செப்டம்பர் புயலின் நிலச்சரிவுக்குப் பிறகு மூடப்பட்டு மாற்றுப் பாதை போடப்பட்டது. பலகை காட்டும் மாற்றுவழியிலேயே போங்கள். அதில் போனாலும் முழுதும் நடந்ததாகத்தான் கணக்கு.

வழி தவறுவது கடினம். தகிஜிரியில் 1 என்று தொடங்கி 500 மீட்டருக்கு ஒரு எண் கம்பம் வருகிறது. ஹொங்கூவை நெருங்கும்போது எண் எழுபதைத் தாண்டியிருக்கும். மரம் வெட்டும் பாதைகள் பிரியும் இடத்தில் 'இது குமானோ கோடோ இல்லை' என்று ஆங்கிலத்திலும் பலகை உண்டு. 20 நிமிடமாக ஒரு கம்பமும் கண்ணில் படவில்லையென்றால் திரும்பி வந்த வழியே போங்கள். கடைசியாகப் பார்த்த எண்ணை நினைவில் வையுங்கள். 119க்கு (ஆம்புலன்ஸ், தீயணைப்பு அவசர எண்) அழைக்க நேர்ந்தால் உங்களைக் கண்டுபிடிக்க அதுதான் முகவரி.

ஹொஷ்ஷின்மொன் வந்துவிட்டால் மீதி 7 கிலோமீட்டர், தேயிலைத் தோட்டங்களையும் வயல்களையும் ஒட்டிய இறக்கம். இதை மட்டும் நடப்பதற்காகவே பேருந்தில் வந்து இறங்குபவர்கள் உண்டு என்பதால் திடீரென்று கூட்டம் கூடும். ஃபுஷிஒகாமி-ஓஜியில் கொஞ்சம் நில்லுங்கள். பல நாள் நடந்து வந்தவர்கள் ஹொங்கூ கோயிலை முதன்முதலாகத் தொலைவில் கண்டு தரையில் விழுந்து வணங்கிய இடம், பெயரின் பொருளும் அதுதான். அவர்கள் பார்த்த கோயில் இப்போதுள்ள மேட்டில் இல்லை. ஆற்று மணல்திட்டான ஓயுனோஹாராவில் இருந்தது. 1889 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போக, மிஞ்சிய கட்டடங்களை 1891இல் மேட்டுக்கு மாற்றினார்கள். பழைய இடத்தில் 2000இல் எழுப்பிய 33.9 மீட்டர் உயரத் தோரணவாயில் நிற்கிறது. 158 படி ஏறி ஹொங்கூவை வழிபட்ட பிறகு அங்கேயும் நடந்துபோய்விட்டு வாருங்கள், கூட்டமில்லாத மாலையில்.

வழிபாட்டு முறை எளிது. தண்ணீர்த் தொட்டியில் இடக்கை, வலக்கை, வாய் என்ற வரிசையில் கழுவ வேண்டும். அகப்பையில் நேராக வாய்வைக்கக் கூடாது. சன்னிதியில் இரண்டு முறை குனிந்து வணங்கி, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும்.

முத்திரையும் பதிவும்

ஒவ்வொரு ஓஜி அருகிலும் பறவைக்கூடு போன்ற மரப்பெட்டி இருக்கும். உள்ளே முத்திரையும் மைப்பஞ்சும். பக்கத்தைக் கெட்டியான பரப்பில் வைத்து, முத்திரையை நேராக அழுத்தி எடுத்து, மை உலர்ந்த பிறகே மூடவும். மழையில் திறந்தால் மை பரவி அடுத்த பக்கமும் கெடும். புத்தகத்தை உறையில் போட்டு வைத்திருங்கள். பெட்டியைத் திரும்ப மூடாவிட்டால் அடுத்து வருபவருக்குக் காய்ந்த மைதான் கிடைக்கும். கோயில் அலுவலகத்தில் காணிக்கை கொடுத்து வாங்கும் தூரிகை எழுத்து முத்திரை, கோஷுயின், வேறு வகை. அதற்குத் தனிப் புத்தகம் வேண்டும். பாதை முத்திரைப் புத்தகத்தை நீட்டினால் எழுத மறுக்கலாம்.

ஸ்பெயினின் சாந்தியாகோ யாத்திரைப் பாதை 1993இல் உலக மரபானது. இரண்டு பாதைகளையும் முடித்தவர்களுக்கான 'இரட்டை யாத்திரிகர்' பதிவு 2015இல் தொடங்கியது. குமானோ பக்கத்தில் நான்கில் ஒரு நிபந்தனை நிறைவேறினால் போதும்: தகிஜிரியிலிருந்து ஹொங்கூ வரை 38 கிலோமீட்டர் நடை, அல்லது ஹொங்கூவுக்கும் நாச்சிக்கும் இடையே ஏதாவது ஒரு திசையில் 30 கிலோமீட்டர், அல்லது கோயாசானிலிருந்து ஹொங்கூ வரை 70 கிலோமீட்டர், அல்லது ஹொஷ்ஷின்மொன்னிலிருந்து ஹொங்கூ வரை 7 கிலோமீட்டர் நடந்து, ஹயதமா, நாச்சி கோயில்களுக்கும் போய்வருவது. சாந்தியாகோ பக்கத்தில் கடைசி 100 கிலோமீட்டரை நடந்தோ குதிரையிலோ, அல்லது 200 கிலோமீட்டரை மிதிவண்டியிலோ கடந்திருக்க வேண்டும். எதை முதலில் முடித்தாலும் சரி.

இங்கேதான் பேருந்துக் கணக்கு உதைக்கும். முதல் நிபந்தனைக்கு நடப்பவர் களைத்துப்போய் நடுவில் சில கிலோமீட்டர் பேருந்தில் தாவினால் 38 நிறைவேறாது. அப்படி ஆகிவிட்டால் துவண்டுவிட வேண்டாம். ஹொஷ்ஷின்மொன்னில் இறங்கி 7 கிலோமீட்டரை நடந்து, மற்ற இரண்டு கோயில்களுக்கும் பேருந்தில் போய் நான்காம் நிபந்தனைக்கு மாறிக்கொள்ளலாம். தொடக்கம், இடைவழி, முடிவு முத்திரைகள்தான் சான்று.

இரண்டும் முடிந்தவர்கள் ஹொங்கூ கோயிலுக்கு எதிரே உள்ள மரபு மையத்திலோ தனாபே தகவல் மையத்திலோ இரு பக்கச் சான்றுகளையும் காட்டிப் பதிவு செய்யலாம். மாலை 5 மணிக்குள் போய்விட வேண்டும். 25 கிலோமீட்டர் நடந்த அதே நாளில் இதை முடிக்க நினைப்பது அநேகமாக நடக்காது, மறுநாள் காலைக்கு வையுங்கள். ஹொங்கூவில் பதிபவர்களுக்குக் கோயிலில் தைகோ முரசு அறையும் சடங்கும் உண்டு.

அன்று இரவு ஹொங்கூவுக்கு அருகிலுள்ள வெந்நீர் ஊற்றுக் கிராமமான யுனோமினேயில் தங்க இடம் கிடைத்தால் விடாதீர்கள். ஓடையின் நடுவே மரக்கூண்டுக்குள் இருக்கும் ட்சுபோயு, உலக மரபுப் பட்டியலில் இருந்துகொண்டே உள்ளே இறங்கிக் குளிக்க விடும் வெந்நீர் ஊற்று. ஒரு குழுவுக்கு 30 நிமிடம், முன்பதிவு கிடையாது, வரிசை எண் வாங்கிக் காத்திருக்க வேண்டும். சோப்பு போடக் கூடாது. நீர் கொதிப்பாக இருந்தால் அருகிலுள்ள குளிர்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளலாம்.

நாச்சி வரை தொடர்பவர்களுக்கு இன்னும் இரண்டு நாள்: ஹொங்கூவுக்கு அருகிலுள்ள உகேகாவாவிலிருந்து கோகுச்சி வரை 13 கிலோமீட்டர், பிறகு கோகுச்சியிலிருந்து நாச்சி வரை 14.5. இரண்டாவது தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். முதல் 5 கிலோமீட்டரில் சுமார் 800 மீட்டர் ஏற வேண்டும். அதன் மேல்பகுதிக்கு 'உடலறுக்கும் ஏற்றம்' என்றே பெயர். ஏற்றத்தின் தொடக்கத்தில் பாசி மூடிய ஒரு பெரும்பாறையில் மூன்று புத்தர்களைக் குறிக்கும் மூன்று சம்ஸ்கிருத எழுத்துகள் செதுக்கியிருக்கிறார்கள், அங்கே ஒரு முறை மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கோகுச்சியில் படுக்கைகள் மிகக் குறைவு. அது கிடைத்த தேதியை வைத்துத்தான் முழுப் பயணத்தின் மற்ற தேதிகளைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டியிருக்கும்.